உதவி எண்ணின் கடைசிப் பிற்பகல்

அறையில் இருந்தவர்கள்: ஹெட்போன் மாட்டிய ரௌஷன், அரசுச் சாமான்களை ஏற்றிப்போக வந்த மரால்பெக், ஆளில்லாத ஏழு மேசைகள். நிதி மோசடித் தடுப்பு மையத்துக்கு இந்த ஆண்டு அரசு பணம் ஒதுக்கவில்லை. ஆறு மணிக்கு லைனைத் துண்டித்துவிடுவார்கள். ஐந்து ஐம்பதுக்குப் போன் மணி அடித்தது.

"ஹலோ, மோசடித் தடுப்பு மையம்... ஆமா, ஆமா, சொல்லுங்க... சகின்திக் ஐயாவா? மெதுவா... யாரு, பேங்க் மேஜரா? பேங்க்ல ஏது ஐயா மேஜர்?... ஆமா... உங்க பேர்ல எவனோ கடன் வாங்கப் பாக்கறான்னு சொன்னானா? அவனுக்கு முந்தி நீங்களே வாங்கிடணும்னு... வாங்கிட்டீங்களா?... நாப்பது லட்சம் தெங்கே. ரொக்கமாக் கையில இருக்கா?... அப்பாடா. எங்க வச்சு... வேண்டாம், வேண்டாம், என்கிட்டயும் சொல்லாதீங்க!"

மரால்பெக் மேசையின் ஒரு முனையைத் தூக்கினான்.

"அதைக் கீழ வைங்க!... உங்களை இல்ல ஐயா. மேசை தூக்க வந்திருக்காங்க... ஆமா, என் மேசையைத்தான். சிரிக்காதீங்க... என்னது? பணத்தை வாங்க ஆள் வர்றானா?... கீழயே நிக்கிறானா?... உங்க அட்ரஸைச் சொல்லுங்க."

ரௌஷன் தன் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். போன வருஷம் அதில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். அவருக்கான பணம்தான் முதலில் நின்றது.

"மரால்பெக், உங்க போன்ல போலீஸுக்கு அடிங்க. சுரங்கத் தெரு பதினாலு, மூணாம் மாடி... அவங்க வர நாப்பது நிமிஷமா?... ஐயா, இருக்கீங்களா? பெல்லு கேக்குது. திறக்காதீங்க... மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றதா? திருட்டுப் பயலுக்கு என்ன மரியாதை?... சரி, சரி, கோவிச்சுக்காதீங்க. சங்கிலியை மாட்டிக்கிட்டே சொல்லுங்க, வாசப்படிக்கு மேல எதையும் கைமாத்த மாட்டேன்னு. வாசப்படியில கொடுத்து வாங்கினா ஆகாதுன்னு அவனுக்கும் தெரியும், அவனும் கஸாக்தானே, அதுக்கு மேல வற்புறுத்த மாட்டான்... ஆமா, அதேதான். போனை வைக்காம அப்படியே போட்டுட்டுப் போங்க."

செருப்புக் காலடி தேய்ந்துகொண்டே போனது. பெரியவர் அதையே சொன்னார். ஓர் இளங்குரல் பணிவாகப் பதில் சொன்னது. பெரியவரின் குரலும் இளகியது.

"ஐயா... ஐயா! உள்ள கூப்பிடாதீங்க! வாசப்படியில ஆகாதுன்னா உள்ள வச்சுக் கொடுங்கன்னு நான் சொல்லல... ஐயா, விருந்தாளி இல்ல அவன்!"

சங்கிலி சரிந்தது. வந்தவன் காலணியைக் கழற்றும் சத்தத்துக்காக ரௌஷன் காத்திருந்தாள். வரவில்லை. செருப்புக் காலடி மட்டும் திரும்பி வந்து ரிசீவரை எடுத்தது.

"ஐயா, நீங்க இங்க இருக்கீங்க... நல்ல பையனா? டீ வைக்கப் போறீங்களா?... அதை விடுங்க ஐயா, கதவுகிட்ட யாரு நிக்கிறா?"

அதற்கப்புறம்தான், தூரத்தில், கதவு உள்பக்கமிருந்து சாத்தப்பட்டது. பூட்டு இரண்டு முறை திரும்பியது.