ஓட்டைப்பல் வளர்ந்த கதை

நீங்கள் வெளியே போய்த் திரும்புவதற்குள் யாரோ இந்தத் தேநீர்க் கோப்பையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். முதலில் அதன் கைப்பிடி ஜன்னல் பக்கம் இருந்தது, இப்போது சுவர்ப் பக்கம் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாக இதைக் கவனிப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் ஆட்களுக்கு அந்தக் கவலை இல்லை என்பது தெரிகிறது.

சினிமாவில் காட்சிகளை வரிசையாக எடுப்பதில்லை. ஒருத்தி கதவைத் தட்டுவதை இன்று எடுப்பார்கள், கதவைத் திறந்து உள்ளே நுழைவதை மூன்று மாதம் கழித்து எடுப்பார்கள். இரண்டிலும் சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது, குவளையில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது, சுவர்க் கடிகாரம் என்ன மணி காட்டியது என்று ஒருத்தர் எழுதி, படம் பிடித்து வைத்து, மறுபடியும் அப்படியே அமைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குக் கன்டினியூட்டி என்று பெயர். அந்த ஒருத்தர் நான். இயக்குநர்களுக்கு ஞாபகசக்தி கிடையாது, கற்பனை மட்டும்தான் உண்டு. அதையும் அவர்களே சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் மேக்கப்காரர் எப்படிச் செத்தார் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். அதற்குப் பத்து வருடம் பின்னால் போக வேண்டும். பொறுமை இருந்தால் கேளுங்கள்.

முதல் படம் ஒரு பேய்ப்படம். ஒரு வீட்டில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், கடைக்குட்டிப் பெண் சிரிக்கிறாள். கதை அவ்வளவுதான். அந்தக் கடைக்குட்டியாக நடித்தவள் என் தங்கை மகள், அப்போது ஏழு வயது. நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். என் தங்கைக்கு மகள் திரையில் வந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரி வயிறெரிந்தால் அதைவிடப் போதும். படப்பிடிப்புக்கு மூன்று நாள் முன்னால் குழந்தைக்கு மேல்வரிசையில் ஒரு பால்பல் விழுந்திருந்தது. இயக்குநர் அந்த ஓட்டையைப் பார்த்தார், பைத்தியமாகிவிட்டார். யார் செத்தாலும் அவள் சிரிக்க வேண்டும், சிரிப்பில் முதலில் அந்த ஓட்டை தெரிய வேண்டும் என்று எல்லாக் காட்சியையும் மாற்றினார். பிறகு ஜனங்களும் அவளை ஓட்டைப்பல் என்றுதான் கூப்பிட்டார்கள். பணம் கொடுத்துப் பயந்துவிட்டு வருகிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்.

பாதிப் படத்தில் கதாநாயகன் படியில் தடுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். வேலை ஐந்து மாதம் நின்றது. திரும்பக் கூடியபோது ஓட்டை இல்லை. புதுப்பல் பாதி வளர்ந்து நின்றது. மேக்கப்காரர் கறுப்பு மெழுகு ஒட்டிப் பார்த்தார், குளோசப்பில் அது மெழுகாகவே தெரிந்தது. இயக்குநர் நாற்காலியை உதைத்தார். வேறு குழந்தையை வைத்து முதலிலிருந்து எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இத்தனை பேர் கூடி நின்று கையைப் பிசைந்தார்களே தவிர, செய்ய வேண்டிய காரியத்தை வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. என்னிடம் விடுங்கள் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தங்கையைச் செருப்பு வாங்கிவர அனுப்பினேன். மேக்கப் அறையில் விக்குக்குள் இருக்கும் கம்பியை வளைக்க ஒரு சின்னக் குறடு உண்டு. சுத்தமாகக் கழுவினேன், வெந்நீரில் போட்டேன். சுத்தம் விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. வலிக்காது என்று குழந்தையிடம் சொன்னேன். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன், பிறகு இன்னும் கொஞ்சம்.

முடிகிற நேரத்தில் மேக்கப்காரர் மறந்துபோன எதையோ எடுக்க உள்ளே வந்தார்.

"ஐயோ, என்னக்கா இது?" என்றார்.

"பந்து பட்டுடுச்சு" என்றேன்.

குறடு என் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை வாயில் பொத்திக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு துண்டை வாங்கிக்கொண்டு போய் அலசினார். திரும்பி வந்து, "ஆமா, பந்துதான்" என்றார். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். அவரை நல்லவர் என்று எல்லோரும் இப்போது அழுகிறார்கள். நல்லவர் அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா.

விழுந்தது பால்பல் இல்லை, இனி முளைக்காது என்று பல் டாக்டர் தங்கையிடம் சொன்னார். தங்கை இரண்டு நாள் அழுதாள். படம் ஓடியதும் நிறுத்திவிட்டாள்.

இப்போது இரண்டாம் பாகம். குழந்தைக்குப் பதினேழு வயது. கழற்றி மாட்டுகிற செயற்கைப் பல் வைத்திருக்கிறாள், பார்த்தால் யாருக்கும் தெரியாது. புது இயக்குநருக்கு முகத்தில் தாடியைத் தவிர சொல்லும்படி ஒன்றுமில்லை. அந்தப் பேய்க்குழந்தை இதில் பெரியவளாகிறாளாம். கண்ணாடி முன்னால் நின்று தன்னை வெறிக்கிறாளாம். தன்னை இப்படி ஆக்கியது யார் என்று தேடிப் போகிறாளாம். கடைசியில் அந்த ஆளைக் கண்டுபிடித்து, அவன் எதிரில் உட்கார்ந்து, பல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய சிரிப்பைச் சிரிக்கிறாளாம். "ஒரு பொண்ணு தன்னையே கண்டுபிடிக்கிற படம் மேடம் இது" என்று என்னிடம் மூன்று தடவை சொன்னார். கண்டுபிடிக்கட்டும், எனக்கென்ன. பழைய ஓட்டையும் புது ஓட்டையும் ஒரே இடத்தில், ஒரே அகலத்தில் இருக்கின்றனவா என்பது என் வேலை. இருந்தன. பத்து வருடம் முன்னால் நான் செய்த வேலை அப்படி.

ஒத்திகையில்தான் சிக்கல் வந்தது. பல்லைக் கழற்ற மேக்கப்காரர் கையைக் கொண்டுபோனதும் அவளுக்கு உடம்பு நடுங்கியது. "தொடாதீங்க மாமா" என்றாள். அவரை அவள் சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவர் கையை இறக்கிக்கொண்டார், கண் கலங்கியது. அன்று சாயங்காலம் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"பத்து வருஷமா என்னால தூங்க முடியலக்கா. அந்தப் பொண்ணு எதுக்கு நடுங்குதுன்னு அதுக்கே தெரியாது. நாளைக்கு அவகிட்ட சொல்லிடப் போறேன்."

"சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றேன்.

"என்ன ஆனாலும் சரி" என்றார்.

முழுப் பூசணிக்காயைப் பத்து வருடம் சோற்றில் மறைத்தவருக்குத் திடீரென்று மனசாட்சி. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள், கடைசிக் காட்சி நின்றுவிடும். அது ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. வெளியூர்ப் படப்பிடிப்பு என்றால் அவள் என் அறையில்தான் படுப்பாள், தூங்குகிறவரை என் கையைப் பிடித்திருப்பாள். பெரியம்மா என்று இந்த உலகத்தில் என்னைக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவள். ஒரு கோழையின் தூக்கத்துக்காக அதை நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

மேக்கப்காரருக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்வார். கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டதால் ஊசியில் இருக்கும் பொடிக் கோடு கண்ணாடி போட்டாலும் அவருக்குத் தெரியாது. மூன்று வருடமாக நான்தான் மருந்தை ஏற்றிக் கொடுப்பேன். செட்டில் இருப்பதிலேயே கூர்மையான கண் என்னுடையது என்று அவரே எல்லோரிடமும் சொல்வார். மறுநாள் மதியமும் கொடுத்தேன்.

"சரியா இருக்காக்கா?"

"சரியா இருக்கு."

அன்று அவர் முகம் தெளிந்திருந்தது, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்கா. சாப்பிட்டுட்டு நிதானமாப் பேசலாம்" என்றார். சாப்பாடு இன்னும் வரவில்லை, வந்ததும் எழுப்புகிறேன், கொஞ்சம் படுங்கள் என்றேன். சாப்பாடு அதற்கு முன்பே வந்திருந்தது. அறையை வெளிப்பக்கம் பூட்டிவிட்டு, அவருக்குத் தலைவலி, யாரும் தொந்தரவு பண்ணாதீர்கள் என்று சொன்னேன். அன்று பிற்பகல் எல்லாருக்கும் வெளியே தெருவில் வேலை. நானும் போனேன். ஒரு ஷாட்டில் கூடத் தப்பு வரவில்லை, என் குறிப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு மணிக்கு மற்றவர்களுக்கு முன்னால் திரும்பி வந்து பூட்டைத் திறந்தேன். தூக்கத்திலேயே போய்விடுவார் என்று நினைத்திருந்தேன். அதிலும் அவர் சொதப்பியிருந்தார். கதவுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். நாற்காலி சாய்ந்து, பவுடர் டப்பாக்கள் சிதறி, விக் தாங்கி உருண்டு, அறை அலங்கோலமாக இருந்தது. நல்லவேளை, அன்று காலையில் அந்த அறையை நான் படம் பிடித்திருந்தேன். தினமும் எல்லா அறையையும் பிடிப்பேன், அது பழக்கம். படத்தில் அவர் பெஞ்சில் சாய்ந்து, இடது கையை நெற்றியில் வைத்துக்கொண்டு இருந்தார். செல்போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். சீப்புகள் ஏழு, பிரஷ்கள் பதினொன்று, மூக்குக்கண்ணாடி மடித்து வலப்பக்கம், தண்ணீர் பாதிக்கு ஒரு விரல் மேலே. அவர் கனமான ஆள். இருந்தாலும் நாற்பது நிமிடத்தில் முடித்தேன். தள்ளி நின்று பார்த்தேன். இரண்டுக்கும் ஒரு முடி வித்தியாசம் இல்லை.

நீங்கள் எட்டு மணிக்கு வந்தீர்கள். எல்லோரும் பிணத்தைப் பார்த்தார்கள், நீங்கள் மட்டும் சுவரைப் பார்த்தீர்கள். கடிகாரத்தில் பதினொன்றரை. "பேட்டரி தீர்ந்திருந்தா நின்னிருக்கும். இது நல்லா ஓடுது. யாரோ திருப்பி வெச்சிருக்காங்க" என்றீர்கள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. படத்தில் மணி பத்து பத்து, நான் திருப்பி வைத்த பிறகு நீங்கள் வருவதற்குள் அது பதினொன்றரைக்கு ஓடியிருக்கிறது. காட்சியை அமைத்தால் கடைசியாகக் கடிகாரத்தைத் திருப்புவது என் கை இருபத்தாறு வருடமாகச் செய்கிற காரியம். கை என்னைக் கேட்கவில்லை. செத்தவன் அறையில் கடிகாரத்தைக் காலை நேரத்துக்குத் திருப்புகிற தொழில் எது என்று நீங்கள் விசாரித்திருக்கிறீர்கள். கெட்டிக்காரர். தாடிக்காரருக்கு அந்தப் புத்தி இருந்தால் படம் உருப்பட்டிருக்கும்.

ஆக, ஊசியில் அதிகமாக ஏற்றியது நான், பூட்டியது நான், தூக்கிப் படுக்க வைத்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் இப்போது மறுபடியும் வெளியே போய்வந்து நீங்கள் சொன்னதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவள் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறதாம், குறடு, ரேடியோவில் ஓடிய பாட்டு உட்பட. எதையும் மறந்ததே இல்லையாம். 'பெரியம்மாவுக்கு என்னை விட்டா யாரு இருக்காங்கன்னுதான் சொல்லல' என்றாளாம். அன்று காலை மேக்கப்காரர் சொல்ல வந்தபோதே, 'எனக்குத் தெரியும் மாமா, விட்டுடுங்க. பெரியம்மாகிட்டயும் ஒண்ணும் கேக்காதீங்க' என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று அவர் சொன்ன விஷயம் அதுதான் என்கிறீர்கள்.

இருக்காது. ஏழு வயதில் நடந்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்? கதையில் வருவதையும் நிஜத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறாள், பெரியவளாகும் வயதில் அப்படித்தான். அந்தப் பல்லை அவள் திருப்பிக் கேட்பதாகச் சொன்னீர்கள். அது என் அலமாரியில் ஒரு சின்ன டப்பாவில், தேதி எழுதிப் பத்திரமாக இருக்கிறது. கொடுக்க வேண்டாம். மூன்றாம் பாகம் எடுத்தால் அளவு பார்க்கத் தேவைப்படும்.

என் குறிப்புப் புத்தகங்களையும் எடுத்து வந்திருக்கிறீர்கள். பத்து வருடம் முந்தையதைப் பிரித்து அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள், அவளுக்கும் காட்டுங்கள். மேல்வரிசை முன்பல் இல்லை, முந்தைய காட்சிகளோடு பொருந்துகிறது, குழந்தை அழவில்லை. என் கையெழுத்தில் தெளிவாக இருக்கிறது. நான் நடக்காததை எழுதியதில்லை.