சிரித்துக்கொண்டே அடித்த வரி

பெரியவள்: ...இதோ, மறுபடியும் ஒரு பெருமூச்சு. தட்டு.

சின்னவள்: தட்டிட்டேன்கா.

பெரியவள்: எங்க தட்டின? சத்தமே வரல. ஸ்பூன் டம்ளர்ல படணும். நான் படிச்சுட்டே போவேன், முன்னாடி கேட்ட மாதிரி இருந்தா நீ தட்டணும். எங்க பிரஸ்ல புரூஃப் பாக்குறப்ப இப்படித்தான் செய்வோம். கண்ணு ஏமாந்துடும், காது ஏமாறாது.

சின்னவள்: நான் எழுதினதுக்கு நானே தட்டுறது ஒரு மாதிரியா இருக்கு.

பெரியவள்: சொன்னதையே சொல்றீங்கன்னு பத்திரிகை ஆசிரியர் யார்கிட்ட சொன்னார்? உன்கிட்டயா, என்கிட்டயா?

சின்னவள்: என்கிட்டதான். திரும்பத் திரும்ப வர்றதை எடுத்துட்டு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள குடுத்தா அடுத்த இதழ்ல போட்டுடுவாராம். இல்லேன்னா அந்த இடத்துக்கு வேற கதை போயிடுமாம். பென்சிலால அடிச்சுக் குடுத்தாலே போதும்னார்.

பெரியவள்: அப்போ வெக்கப்படாம தட்டு. "அவள் பெருமூச்சு விட்டாள்." "அவர் பெருமூச்சுடன் எழுந்தார்." இதுல பக்கத்து வீட்டுக்காரி வேற வந்து ஒண்ணு விட்டுட்டுப் போறா. இந்த வீட்டுக்கு ஃபேனே வேண்டாம்டி.

சின்னவள்: சரி, சரி... எடுத்துடுறேன்.

பெரியவள்: இங்க பாரு. "கண்கள் குளமாயின." அடுத்த பக்கத்துல இன்னொரு குளம். அதுக்கடுத்த பக்கத்துலயும். மீன் வாங்கி விடலாம்.

சின்னவள்: மெதுவாக்கா. ஹால்ல மாமா இருக்கார், காதுல விழும்.

பெரியவள்: விழட்டும். சின்ன மருமக கதைய வெட்டியெடுத்துத் தலையணைக்கு அடியில வெச்சிருக்காரே, அவருக்கும் தெரியட்டும்.

சின்னவள்: அது போன கதை...

பெரியவள்: போன கதையோ, அதுக்கு முந்தின கதையோ. என் வீட்டுக்காரர் அதை ரெண்டு தடவை படிச்சார், தெரியுமா? சாப்பிட உக்காந்தவர். தட்டுல வெச்சது ஆறிப்போச்சு, மனுஷன் நிமிரல. நான் கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து புரூஃப் பாக்குறேன். நான் பாத்த ஒரு புத்தகத்தை அவர் கையால புரட்டினதில்ல.

சின்னவள்: அவருக்கு நேரம் கிடைச்சிருக்காது.

பெரியவள்: உன் கதைக்கு மட்டும் கிடைச்சுது. ...ஆமா, வீட்டுல இத்தனை பேர் இருக்கோம், ஒருத்தர் கண்ணுலயும் படாம எப்படித்தான் எழுதின?

சின்னவள்: துணி காயப்போட மாடிக்குப் போறப்ப.

பெரியவள்: அதான் துணி காய அத்தனை நேரம் ஆச்சா? நான் வெயிலைத் திட்டிட்டிருந்தேன்.

சின்னவள்: உங்களுக்கென்னக்கா. காலையில பையைத் தோள்ல மாட்டிட்டுக் கிளம்புவீங்க. நான் ஜன்னல்ல நின்னு பாப்பேன். எட்டாவதோட நிறுத்தாம இருந்திருந்தா எனக்கும் ஒரு பை இருந்திருக்கும்னு தோணும். சில நாள் பாக்கவே பிடிக்காம உள்ள போயிடுவேன்.

பெரியவள்: பையில என்ன இருக்குன்னு நினைச்ச? அடுத்தவங்க பண்ணின தப்பு.

சின்னவள்: நீங்களும் முன்னாடி எழுதினீங்கன்னு உங்க கொழுந்தன் சொல்வார். ஏன்கா விட்டுட்டீங்க?

பெரியவள்: நான் எங்க விட்டேன்? அனுப்பின கதை எல்லாம் போன வேகத்துல திரும்பி வந்துச்சு. அதுதான் என்னை விட்டுடுச்சு. ...படிக்கட்டுமா, வேண்டாமா?

சின்னவள்: படிங்க.

பெரியவள்: "மழைக்கு ஏங்கும் மண்ணாக அவள் மனம் தவித்தது." ம்... ரெண்டு பக்கம் தள்ளி மறுபடியும் அதே மண்ணு.

சின்னவள்: தட்டவா?

பெரியவள்: இந்த வரியே வேண்டாம்.

சின்னவள்: ரெண்டு இடத்துலயுமா?

பெரியவள்: ரெண்டுலயும்.

சின்னவள்: ஃபேன், மீனுன்னு எதுவும் சொல்லலையே...

பெரியவள்: சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. வேண்டாம்னா வேண்டாம். அடுத்ததைக் கேளு.

சின்னவள்: இனிமே வர்றதுதான்கா கதையே. பொண்ணு சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போயிடுறா. அப்புறம் அந்த அம்மா மட்டும் தனியா...

பெரியவள்: எனக்குப் படிக்கத் தெரியும். "கடைக்குக் கிளம்பியவளைப் பக்கத்து வீட்டுக்காரி நிறுத்தினாள். 'என்ன, வீட்டைப் பூட்டலையா?' 'சும்மா சாத்தி வெச்சிருக்கேன்' என்றாள் அம்மா." ...

சின்னவள்: ஏன்கா நிறுத்திட்டீங்க?

பெரியவள்: தொண்டை வறண்டு போச்சு. அந்தத் தண்ணிய இப்படித் தள்ளு. ஸ்பூனை எடுத்துட்டுத் தள்ளுடி.

சின்னவள்: இந்தாங்க.

பெரியவள்: ம்... தபால்காரர் கேக்குறார், "பூட்டலையாம்மா?" "சும்மா சாத்தி வெச்சிருக்கேன்." அவளோட அண்ணன் வந்து திட்டுறார். அவருக்கும் அதே பதில்.

சின்னவள்: தட்டிட்டேன்.

பெரியவள்: கடைசிப் பக்கம். அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க. "'வீட்டைப் பூட்டியாச்சா?' என்று வண்டிக்காரர் யாரையோ கேட்டார். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள், 'சும்மா சாத்தி...'"

சின்னவள்: இதுக்கும் தட்டிட்டேன்.

பெரியவள்: அந்த ஸ்பூனைக் கீழ வை.

சின்னவள்: அக்கா?

பெரியவள்: ஹ... இல்ல, சிரிப்பு வருது. போற வர்றவன்கிட்ட எல்லாம் கதவு திறந்திருக்குன்னு சொல்லிட்டே போறாளே உன் கதையில வர்ற அம்மா. திருடனுக்கு இதைவிட ஒரு நல்ல சேதி வேணுமா? கதை முடியுறப்ப வீட்டுல ஒரு நாற்காலி மிஞ்சாது.

சின்னவள்: அவ்வளவு மோசமாவா இருக்கு?

பெரியவள்: கிளிப்பிள்ளை மாதிரி எத்தனை தடவைடி சொல்லுவா? முதல்ல வர்றதை வெச்சுக்கோ, மத்ததை எல்லாம் அடி. அய்யோ, நினைச்சு நினைச்சு சிரிப்பு வருது.

சின்னவள்: எனக்கு அது... சரிக்கா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

கொழுந்தன்: என்ன, ஆச்சா? வண்டிய வெளியே எடுத்துட்டேன். அங்க ஆபீஸைப் பூட்டிட்டாங்கன்னா அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.

சின்னவள்: ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். குடுங்கக்கா, நானே அடிச்சுடுறேன். இது போச்சு... இதுவும் போச்சு... குளத்தை எல்லாம் தூர்த்தாச்சு... கதவு... இந்தாங்க. மடிக்காம கொண்டு போங்க. வழியில யாரையாவது பாத்தா நின்னு பேச ஆரம்பிச்சுடாதீங்க.

கொழுந்தன்: எழுத்தாளர் உத்தரவு. வரேன் அண்ணி.

பெரியவள்: பாத்துப் போங்க தம்பி.

சின்னவள்: அப்பாடா...

பெரியவள்: பெருமூச்சு. தட்டு.

சின்னவள்: போங்கக்கா. ...ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?

பெரியவள்: சொல்லு, அப்புறம் பாக்கலாம்.

சின்னவள்: அந்த மண்ணு வரிய நான் அடிக்கல.

பெரியவள்: நான் வேண்டாம்னு சொன்னேனே.

சின்னவள்: அதனாலதான் அடிக்கல. ...போன கதைக்கும் அப்படித்தான் பண்ணினேன். ஒரு வரி நிஜமாவே மட்டமா இருந்தா நீங்க கேலி பண்ணிச் சிரிப்பீங்க. நல்லா இருந்தா சிரிக்க மாட்டீங்க. முகம் ஒரு மாதிரி இறுகிடும். வேண்டாம்னு ஒரே சொல்லு, அவ்வளவுதான். நீங்க வேண்டாம்னதைத்தான் நான் வெச்சுக்குவேன். படிச்சவங்க எல்லாரும் அந்த வரியைத்தான் நல்லா இருக்குன்னாங்க.

பெரியவள்: அந்த டம்ளரை இப்படிக் குடு, கழுவணும்.

சின்னவள்: கோவமா? நான் தப்பா ஒண்ணும்...

பெரியவள்: கதவு வர்றதை என்ன பண்ணின?

சின்னவள்: அதை அடிச்சுட்டேன். நீங்கதான் அப்படிச் சிரிச்சீங்களே.

பெரியவள்: எல்லாத்தையுமா?

சின்னவள்: முதல்ல வர்றது மட்டும் இருக்கு.

பெரியவள்: கடைசியில வண்டிக்காரர் கேக்குறது?

சின்னவள்: அதையும்தான். என்னமோ, அதை அடிக்க மட்டும் மனசே வரல... அக்கா, ஏன் எழுந்துட்டீங்க?

பெரியவள்: உன் போன் எங்க?

சின்னவள்: எதுக்கு?

பெரியவள்: போன கதை அச்சாகி வந்தப்ப நான் வேண்டாம்னது ஒண்ணு விடாம அப்படியே இருந்துச்சு. நான் சிரிச்ச வரி மட்டும் காணோம். வரி வரியா அதைப் பாக்குறதுதானேடி என் தொழில்? உன் கணக்கு அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுடுச்சு.

சின்னவள்: அப்போ... இன்னிக்கு நீங்க சிரிச்சது?

பெரியவள்: கதவு வரி நல்ல வரி, அதுக்கு வேணும்னேதான் சிரிச்சேன். அந்த மண்ணு சுத்த மட்டம், அதுக்கு வாயை மூடிக்கிட்டேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவேன்னு நினைச்சேன்டி. ஒரே ஒரு வார்த்தை. குடு போனை. ...எடுக்க மாட்டேங்குறாரே... தம்பி, நான்தான். வண்டிய ஓரமா நிறுத்துங்க.

கொழுந்தன்: நிறுத்திட்டேன் அண்ணி. பத்திரிகை ஆபீஸ் வாசலுக்கே வந்துட்டேன். ஏதாவது விட்டுப்போச்சா?

பெரியவள்: பக்கத்துல கடை இருக்கா? ஒரு ரப்பரும் பென்சிலும் வாங்குங்க. "சாத்தி வெச்சிருக்கேன்"னு எங்கெல்லாம் வருதோ, அங்கெல்லாம் பென்சில் கோட்டை அழிச்சுடுங்க. கடைசிப் பக்கத்துல வண்டிக்காரர் பேசுற இடம், அதை விட்டுடாதீங்க. எழுத்து கலையாம அழிங்க. மண்ணுன்னு வர்ற வரி ரெண்டையும் அடிச்சுடுங்க.

கொழுந்தன்: இப்பதானே உக்காந்து அடிச்சீங்க? அழிச்ச தடம் தெரியும் அண்ணி. இதை எல்லாம் யார் அடிச்சதுன்னு அந்த ஆசிரியர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?

பெரியவள்: எங்க அண்ணின்னு சொல்லுங்க. ஏன்னு கேட்டா... வயித்தெரிச்சல்னு சொல்லுங்க.