வெள்ளைத் துணி கட்டிய கேட்

துணியை நேராகக் கிழிக்கக் கத்தரியே வேண்டாம், ஐயா. ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு. பிறகு இழுத்தால் போதும், அதுவே வழிவிட்டுக்கொண்டு போகும். பழைய போர்வைகளை அப்படித்தான் பட்டை பட்டையாகக் கிழித்தேன்.

யோசனையும் என்னுடையதுதான். மூன்று வாரமாகக் காடு எரிகிறது. எங்கள் பகுதிக்குத் தீயணைப்பு வண்டி ஒன்றே ஒன்று. காலி வீடுகளின் கதவைத் தட்டியே அவர்களுக்கு நேரம் போனது. ஆள் கிளம்பிய வீட்டு கேட்டில் வெள்ளைத் துணி கட்டிவிடலாம் என்றேன்.

"துணியைப் பார்த்தா நிக்கவே மாட்டோம், டைலரம்மா," என்றார் டிரைவர். எங்கள் தெருவில் துணி கட்டும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் நூற்றைம்பது பேர் தங்கியிருந்தோம். போர்வை, முகமூடி, குடிதண்ணீர், எல்லாம் என்னைக் கேட்டுத்தான். அந்தப் புகையிலும் எனக்கு மூச்சு நன்றாகவே வந்தது.

அக்கா மட்டும் வரவில்லை. என் புருஷன் விட்டுப்போன பிறகு பதினோரு வருஷம் அவள் வீட்டில்தான் இருந்தேன். சோறு போட்டாள், குறை சொல்லக் கூடாது. முழங்கால் போனவள். கட்டிலில் இருந்தபடி கைத்தடியால் சுவரைத் தட்டுவாள். இரண்டு தட்டு. நான் மெஷினை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். துணி தைக்க வந்தவர்கள் முன்னால், "இவ போட்ட தையல் நடக்கும்போதே பிரியும், பாத்து," என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

தயவுசெய்து பேனாவால் மேஜையைத் தட்டாதீர்கள், ஐயா. நன்றி.

டிரைவர் மூன்று முறை வந்து அழைத்தார். "என் நாக்குக்கு பயந்து நெருப்பே திரும்பிடும், தம்பி," என்று அனுப்பிவிட்டாள். அதனால்தான் தொல்லை வேண்டாமென்று துணியை அவளே கட்டிக்கொண்டாள் என நான் சொன்னபோது ஊர் நம்பியது. முடிச்சு கேட்டுக்கு வெளியே இருந்ததை நீங்கள்தான் கவனித்தீர்கள். நடக்க முடியாதவள் தெருவுக்கு வந்தா கட்டியிருப்பாள் என்றும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

அன்று மத்தியானம் வானம் துருப்பிடித்த தகரம் போலிருந்தது. வண்டிக்கு அதுதான் கடைசிச் சுற்று. அக்கா புடவை மாற்றி, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"வண்டியை வாசலுக்கு வரச் சொல்லுடி. மண்டபத்துல நீதான் எல்லாமாமே? வந்து பாக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பெருமையாகச் சொன்னாளோ என்று இப்போது சில சமயம் தோன்றுகிறது. அப்போது எனக்கு நூற்றைம்பது பேர் சிரிக்கும் சத்தம்தான் கேட்டது.

"சரிக்கா," என்றேன்.

வெளியே வந்து துணியைக் கட்டினேன். தெரு முனையில் வண்டி திரும்பியது. டிரைவர் துணியைப் பார்த்தார், எனக்குக் கையசைத்தார், நிற்காமல் போனார். உள்ளே சுவரில் இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் இரண்டு.

காற்று பலமாக இருந்தது. அதனால் இன்னொரு முடிச்சும் போட்டேன். நெருப்பு கொல்லைப்புறமாக வந்ததால் கேட் தப்பித்தது. நீங்களே பார்த்தீர்களே ஐயா, நான் போட்டது பிரியவில்லை.