மே/பா குப்புராஜ், மேற்குத் தாம்பரம்

“நீதான் எங்கியோ போட்டுட்ட அண்ணா. ஒத்துக்கோ.”

“நான் இன்னாத்துக்குமா போடப்போறேன்? சார் வூட்லதான் குடுத்தேன். நீள கவரு. மூலையில பத்திரிகை பேரு செவப்புல அச்சடிச்சிருந்துது. சார் கையிலயே குடுத்தேன்.”

“சார இழுக்காத. வந்திருந்தா அன்னிக்கே கூப்ட்டு குடுத்திருப்பாரு. உன் தப்ப மறைக்க அவுரு மேல பழி போடுறியா?”

“பதினாலு வருசமா இந்தப் பைய தூக்கிகினு சுத்துறேன். ஒரு கார்டு தொலைச்சதில்ல. நான் ஏம்மா பொய் சொல்லணும்?”

இது 1989 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, என் வீட்டு கேட்டுக்கு வெளியே நடந்த பேச்சு. ஆறு வருடம் கழித்தும் வார்த்தை மாறாமல் சொல்ல முடிவதற்குக் காரணம், அப்போதே ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று நோட்டில் எழுதிக்கொண்டதுதான். மறுநாள் நம் எழுத்தாளர் வட்டத்தில் ‘உரையாடல் எழுதுவது எப்படி’ என்று நான் பேச வேண்டியிருந்தது. நல்ல உதாரணம் கிடைத்த சந்தோஷத்தில் பல் தேய்ப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

பேசிய ஆண் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவந்த அந்தோணிசாமி. பெண் நம் வட்டத்து உறுப்பினர் ஜெயக்கொடி. வட்டத்தின் இந்த மாதாந்திரச் சுற்றறிக்கையில் வழக்கமாக நான் ‘எழுத விரும்புகிறவர்களுக்கு’ என்று ஒரு பக்கம் எழுதுவேன். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், மார்ஜின் விடுங்கள், முதல் வரியில் மழை பெய்ய வைக்காதீர்கள் என்ற ரகம். இந்த மாதம் அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். எழுதும்படி என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

ஆலோசனை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று புதியவர்கள் கேட்கலாம். 1968இல், என் இருபத்திரண்டாவது வயதில், ஒரு வாரப் பத்திரிகையில் என் ஒரு பக்கக் கதை வந்தது. அதற்கு முன் இரண்டு ஜோக்குகள் வந்திருந்தன. அதில் ஒன்று என் சித்தப்பா சொன்னது. அந்த ஒரு பக்கத்துக்குப் பிறகு நான் அனுப்பிய நூற்று அறுபத்து மூன்று கதைகளும் திரும்பி வந்தன. நிராகரிப்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை. மற்றபடி சேப்பாக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை. இருபத்தாறு வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூட நான் தவறவிட்டதில்லை. அலுவலகத்தில் என்று சேர்த்துக்கொள்ளவும்.

வட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டியூஷன் சென்டரில் கூடும். குழந்தைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட அல்ஜீப்ராவுக்கு முன்னால் நான் இலக்கியம் பேசுவேன். 1988இல் அங்கே ஜெயக்கொடி வந்தாள். பீர்க்கன்கரணைக்காரி. அவள் அப்பா ஏரிக்கரைப் பக்கம் இருந்த நிலத்தை மனை போட விற்றுவிட்டார். அவள் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கையுறை கம்பெனியில் ஜோடி சேர்க்கும் வேலை பார்த்தாள். பேசவே மாட்டாள். எழுதினால் நிறுத்த மாட்டாள்.

அவள் குடியிருந்த தெருவுக்கு அப்போது பெயர் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. கடிதம் வந்தால் டீக்கடையில் போட்டுவிட்டுப் போவார்கள், அதில் பஜ்ஜி மடிப்பார்கள். பத்திரிகைக்குக் கதை அனுப்பும்போது நம் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவரும் கூடவே வைக்க வேண்டும் இல்லையா? எந்த விலாசம் எழுதுவது என்று கேட்டாள். என் விலாசத்தையே எழுதச் சொன்னேன். மே/பா குப்புராஜ். அவள் கதைகள் எல்லாம் இனி என் மேற்பார்வையில் என்று கவரிலேயே இருப்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

அவள் அனுப்பிய முதல் ஐந்து கதைகள் என் வீட்டுக்கே திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் அன்றன்றே அவளிடம் கொடுத்தேன். சுணக்கமே இல்லை.

ஆறாவது கதை இது. ஒரு பெண் கட்டட வேலைக்குப் போகிறாள். வீடு கட்டப்படும் மனை அவள் அப்பா விற்ற நிலம். வீட்டுக்காரர் நல்ல மனிதர். போர் போட வேண்டும், எந்த இடத்தில் தண்ணீர் இருக்கும் என்று அவளிடமே கேட்கிறார். மண் போட்டு மூடிய பழைய கிணறு எங்கே என்று அவளுக்குத் தெரியும். அவள் எதிர் மூலையைக் கைகாட்டிவிட்டுப் போய்க் கல் சுமக்கிறாள். அவ்வளவுதான் கதை.

முடிவை மாற்றச் சொன்னேன். அவள் கடைசி நிமிடத்தில் மனம் மாறிச் சரியான இடத்தைக் காட்ட வேண்டும், வீட்டுக்காரர் கண் கலங்க வேண்டும் என்று சொன்னேன். நம்பிக் கேட்கிறவனுக்கு வேண்டுமென்றே தப்பு வழி காட்டிவிட்டு நிம்மதியாக வேலையைப் பார்க்கிற ஆள் உலகத்தில் உண்டா, வாசகர்கள் நம்புவார்களா என்றும் கேட்டேன். ஜெயக்கொடி தலையை ஆட்டினாள். பிறகு மாற்றாமலே அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

“இது ஒண்ணாவது அச்சுல வந்தா தொடர்ந்து எழுதுவேன் சார். இல்லேன்னா வுட்டுடறேன். வூட்ல ஒரே பேஜாரா கீது. பேப்பர் வாங்குறதுக்கே பேச்சு வாங்கணும்.”

எழுத்தில் அவசரம் கூடாது என்றேன். இன்றைக்கும் அதே கருத்துதான்.

ஜூலையில் அந்த நீளக் கவர் வந்தது. அந்தோணிசாமி என் கையில்தான் கொடுத்தான். அவன் சொன்னது முழுக்க உண்மை. திரும்பி வருகிற கதை நம் கவரில் வரும். அவர்கள் கவரில் வந்தால் என்ன அர்த்தம் என்று நம் வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் 1968இல் ஒரு தடவை தெரிந்தது. பெயர் அவளுடையது என்றாலும் மே/பா என்னுடையது என்பதால் பிரித்தேன். கதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ‘முடிவு எங்களை ஆட்டிவிட்டது. ஓர் எழுத்தும் மாற்றாமல் வெளியிட விரும்புகிறோம். இது தங்கள் சொந்தக் கற்பனை என்று கையெழுத்திட்டு உறுதிமொழிக் கடிதம் அனுப்பவும்.’

பொறாமை என்று நினைப்பீர்கள். பொறாமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எதிர் வீட்டில் கலர் டி.வி. வாங்கியபோது நான்கு நாள் பட்டிருக்கிறேன். இது அப்படி இல்லை. மிகவும் அமைதியாக இருந்தது. நான் யோசித்தது அவளைப் பற்றி. சீக்கிரம் அச்சில் வந்தால் ஒருவன் என்ன ஆவான் என்பதற்கு நானே சாட்சி. இருபத்திரண்டு வயதில் அந்த ஒரு பக்கம் வராமல் இருந்திருந்தால் நான் பெரிய எழுத்தாளனாகியிருப்பேன். அந்தத் தவறு அவளுக்கு நடக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கவரை டிராயரில் வைத்திருந்தேன். பிறகு பதில் எழுதினேன். ‘ஆசிரியை கதையில் சில திருத்தங்கள் செய்ய விரும்புவதால் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். இப்படிக்கு, மே/பா குப்புராஜ்.’ பொய்க் கையெழுத்து ஒன்றும் போடவில்லை.

ஜெயக்கொடிக்கு இது தெரிய வந்திருக்காது. அந்தோணிசாமிதான் ரயில்வே கேட்டில் அவளைப் பார்த்து, பத்திரிகையிலிருந்து கவர் வந்ததே, கதை எப்போது வருகிறது என்று கேட்டிருக்கிறான். அவளைவிட அவனுக்குச் சந்தோஷம். அதன் பின்னால்தான் என் வீட்டு கேட்டில் நடந்த அந்தச் சண்டை.

உரையாடலை எழுதி முடித்துவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வெளியே போனேன். “நீங்களே சொல்லுங்க சார்” என்றாள் அவள். அந்தோணிசாமி என் முகத்தைப் பார்த்தான். தபால்காரரும் மனிதர்தானே, மறதி சகஜம், பாவம் விட்டுவிடு என்றேன். இதைவிடப் பெருந்தன்மையாக ஒருவர் பேச முடியாது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அந்தோணிசாமி மற்ற வீட்டுக் கடிதங்களைக்கூடக் கொடுக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்.

அவள் விடவில்லை. மேலதிகாரிக்கு மனு எழுதிக்கொண்டு வந்தாள். நான் மூன்று இடத்தில் திருத்தினேன், முடிவையும் கொஞ்சம் அழுத்தமாக்கினேன். அவள் எழுதியதில் என் திருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான். விசாரணைக்கு வந்தவர் என்னையும் கேட்டார். எனக்கு எந்தக் கவரும் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தோணிசாமிக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன். அப்புறம் மதுராந்தகம் பக்கம் மாற்றல். புதிதாக வந்த தபால்காரர் நேரத்துக்கு வருவதில்லை. இன்றுவரை எனக்கு அதில் குறை உண்டு.

அக்டோபரில், அவள் விலாசம் எழுதி வைத்த கவரில் கதை திரும்பி வந்தது. உள்ளே இரண்டாவது கடிதம். திரும்பப் பெறுவது வருத்தம் என்றும், ஜெயக்கொடி வேறு எது எழுதினாலும் முதலில் தங்களுக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். அதையும் டிராயரில் வைத்தேன்.

கதையை என்ன செய்தேன் என்றால், சரி செய்தேன். என் முடிவை ஒரு தாளில் எழுதி அவள் கடைசிப் பக்கத்தின் மேல் ஒட்டினேன். அவள் பெயரிலேயே வேறு நான்கு பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். நான்கும் திரும்பி வந்தன. அந்த நான்கு ‘வருந்துகிறோம்’ சீட்டுகளையும் அவளிடம் காட்டினேன். நானாக எதையும் தயாரிக்கவில்லை, நான்கும் அசல் சீட்டுகள். முதல் பத்திரிகையிலிருந்து கதை திரும்பி வந்துவிட்டது, உனக்காக நானே ஸ்டாம்ப் ஒட்டி மற்ற இடங்களுக்கு அனுப்பினேன் என்றும் சொன்னேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. ஒரு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, புதிதாக எழுதுகிறாயா, பழைய நோட்டெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன் சார். ரெண்டு நாளிக்கு வந்துது.”

அவள் இன்னும் பக்குவப்படவில்லை என்று அன்று வீட்டில் சொன்னேன். விடாமுயற்சி இல்லாதவர்களுக்கு உதாரணமாக, பெயர் சொல்லாமல், இந்தப் பக்கத்திலும் ஒரு தடவை எழுதியிருக்கிறேன். பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க மேஜையை நகர்த்தினோம். டிராயர் கழன்று விழுந்தது. என் மனைவி தையல்நாயகி என் கதைகளை வாசித்ததே கிடையாது. இந்த இரண்டு கடிதங்களையும் நின்றபடியே வாசித்தாள். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டாள். அவள் இன்னும் தயாராகவில்லை என்றேன்.

“ஆறு வருஷமாவா?” என்றாள்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கடிதங்களோடு கிளம்பிப் போனாள். மாலையில் அவளோடு ஜெயக்கொடியும் வந்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கதையைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டாள். கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நான் ஒட்டிய தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். அடித்தாளும் சேர்ந்து கிழிந்து வந்தது. நல்ல கோந்து, ஆபீஸ் கோந்து. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். என் எழுத்தும் அவள் எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

“இங்க இன்னா எழுதியிருந்தேன், உங்களுக்கு ஞாபகம் கீதா சார்?”

அந்தப் பெண் தப்பான மூலையைக் காட்டுகிறாள், அவ்வளவுதானே என்றேன்.

“அது எனக்குத் தெரியும் சார். எப்டி எழுதியிருந்தேன்னு கேக்குறேன்.”

எனக்கு நினைவில்லை. அவளுக்கும் இல்லை. கதையை மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் என் மனைவியிடம் அந்தோணிசாமி இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்தாள். போன மாதம் மதுராந்தகம் போய் அவர் காலில் விழுந்துவிட்டு வந்ததாகக் கேள்வி. அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வட்டம் இருந்தது.

ஆக, ஒளிக்காமல் சொல்கிறேன். கடிதத்தை மறைத்தது நான். கதையைத் திரும்ப வாங்கியது நான். அந்தோணிசாமியின் மேல் பொய்ச் சாட்சி சொன்னது நான். ஒரு பெண்ணை எழுத விடாமல் செய்தது நான். எழுதிப் பார்த்தால் நான்கே வரி, அச்சில் கால் பக்கம்கூட வராது. திருத்தி எழுதும்படி என் மனைவி சொன்ன ஒரு இடத்தையும் திருத்தியிருக்கிறேன். ‘தவறிவிட்டது’ என்று இருந்ததை ‘மறைத்தேன்’ என்று மாற்றினேன். அவள் சொன்னது சரி. வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது.

இதற்குள்ளேயே விஷயம் வெளியே தெரிந்து உறுப்பினர்களில் ஏழு பேர் விலகிவிட்டார்கள். மிச்சம் நான்கு பேர், அதில் ஒருவருக்குக் காது கேட்காது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்துகொண்டேன். அவள் வாசிக்கக் கொடுத்த நிமிடமே அது நல்ல கதை என்று எனக்குத் தெரியும். பத்திரிகைக்காரர்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். அந்தக் கண் எல்லாருக்கும் வாய்க்காது. அதை வீணாக்கக் கூடாது.

அதனால் எழுத ஆசைப்படுகிறவர்கள் யாராயிருந்தாலும், முதல் கதையாக இருந்தாலும், தயங்காமல் எனக்குக் கடிதம் எழுதுங்கள். மேடவாக்கம், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்துப் புது நகர்களில் பல தெருக்களுக்கு இன்னும் தபால் ஒழுங்காகப் போவதில்லை என்று கேள்விப்படுகிறேன். அதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம். என் விலாசத்தையே கொடுத்துவிடுங்கள்.