மைக்கான்னு எழுதின கல்லு

— கதவைச் சாத்து தம்பி. தூசி பட்டா இந்தக் கண்ணாடித் தட்டு வீணாப் போயிடும்.

— தூசியா அண்ணி இப்ப கவலை? சுரங்க வாசல்ல ஊரே நிக்குது. உங்க லேப் ரிசல்ட்டுக்குத்தான் எல்லாரும் காத்துட்டிருக்காங்க.

— உங்கண்ணன்கிட்ட பேசினியா?

— காத்து போற பைப்புலதான் பேசினேன். உள்ள மாட்டிக்கிட்ட நாலு பேரும் நல்லா இருக்காங்க. நீங்க ரிசல்ட்டைச் சொல்லுங்க.

— இந்தக் கோட்டைப் பாரு. துளைக்கற இடத்துலேர்ந்து காலையில வந்த மண்ணை எக்ஸ்ரே மிஷின்ல வெச்சப்ப வரைஞ்சது. நாலு மாசம் முன்னாடி நான் பார்த்த கல்லுல ஊசி மாதிரி நின்னுச்சு. இப்ப சப்பையா சரிஞ்சு கிடக்கு.

— நான் பஞ்சர் ஒட்டறவன் அண்ணி. எனக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க.

— கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி அது வெறும் சேறு. மேல மேல மண்ணு விழுந்து அமுக்கி, பூமிச் சூட்டுல வெந்து, உள்ள இருந்த தண்ணியைக் கக்கிடுச்சு. களிமண்ணெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மைக்காவாகி, ஏடு ஏடா ஒரே வாக்குல படுத்துக்கிச்சு. காக்காப்பொன்னும்பாங்களே, அதான். 'நல்லா மாறின கல்லு, தோண்டினா நிக்கும்'னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

— மாறிடுச்சுல்ல? அப்புறமென்ன?

— மாறினது திரும்பாதுன்னு யாரு சொன்னா? உள்ள ஒரு வெடிப்பு ஓடுது. அங்க மைக்கா நொறுங்கி, காலங்காலமா தண்ணி ஊறி, மறுபடி களிமண்ணாயிருக்கு. ஈரம் பட்டா உப்பற ஜாதி. எனக்கு அனுப்பின கல்லு அதுக்குப் பத்தடி தள்ளி வெட்டினது.

— அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?

— அதுக்கு அப்புறம் அழுதுக்கலாம். இப்ப அவங்களை மீட்க தண்ணி பீச்சித் துளைக்கறாங்க. வெடிப்பைத் தொட்டா மொத்தமும் வழுக்கிட்டு வரும். துளைக்கறவங்க பதினோரு பேரு.

— தண்ணியில்லாம துளைக்கட்டும்!

— மிஷின் சூடாகி நின்னுடும். மலைக்கு அந்தப் பக்கமிருந்துதான் துளைச்சு வரணும். பதினஞ்சு நாளாகும்.

— பதினஞ்சு நாளா! உள்ள தண்ணி ஏறுது அண்ணி. இப்பவே இடுப்பளவு.

— நல்லா இருக்காங்கன்னியே!

— வேற என்னன்னு சொல்றது உங்ககிட்ட? எழுதினா துளைக்கறதை நிறுத்திடுவாங்க. எழுதாதீங்க அண்ணி. சாயங்காலம் வரைக்கும் எக்ஸ்ரே மிஷின் ரிப்பேர்னு சொல்லுங்க. அதுக்குள்ள எட்டிடுவாங்க. கால்ல வேணா விழறேன்.

— எழுந்திரு. அந்தப் பதினோரு பேருக்கும் புள்ளகுட்டி இருக்காதா?

— இருக்கட்டும்! எனக்கு ஒரே அண்ணன்!

— எனக்கு மட்டும் ரெண்டு புருஷனா? மூணு தடவை ஓட்டிப் பார்த்தேன் தம்பி, ஒரு தடவையாவது அந்தக் கோடு ஊசியா நிக்காதான்னு. நிக்கல.

— அண்ணி...

— சரி. எழுதல. சாயங்காலம்தான் ரிசல்ட்டுன்னு போய்ச் சொல்லு. என்ன நிக்கறே? மனசு மாறறதுக்குள்ள ஓடு.

— முடியல அண்ணி. பைப்புல அண்ணன், 'இங்க மண்ணு சோப்பா வழுக்குது. உங்கண்ணி கண்டுபிடிச்சிருப்பா, எழுதத்தான் கை வராது. நாங்க நாலு பேரும் பேசிட்டோம், நிறுத்தச் சொல்லி எழுதச் சொல்லு'ன்னாரு. அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பினாரு.