ஆதிகேசவன் மீது நான் கொடுத்த திருட்டுப் புகார்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அனுமதித்தால் இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தந்துவிடுவேன். உங்கள் ரைட்டர் 'கழிவுநீர்' என்ற வார்த்தையையே இரண்டு முறை அடித்து எழுதுகிறார்.

பெயர் இன்பசேகரன். ஆம்பூர் பக்கத்தில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் பதினொரு வருடமாகப் பாதுகாப்பு அலுவலர். கழிவுநீர்த் தொட்டிக்குள் யாராவது இறங்க வேண்டுமென்றால், உள்ளே விஷவாயு இல்லையென்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு நான் பர்மிட் எழுத வேண்டும். மீட்டர் பொங்கலிலிருந்தே வேலை செய்யவில்லை. பழுது பார்க்க அனுப்பியிருக்கலாம். அனுப்பினால், அதுவரை எழுதிய பர்மிட்டெல்லாம் என்ன என்று கேட்பார்கள். அதனால் அனுப்பவில்லை. அளவு என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டுவந்தேன். நாலு மாதம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை சாயங்காலம் தொட்டிக்குள் இருந்த பம்பு அடைத்துக்கொண்டது. திங்கட்கிழமை வெளிநாட்டு ஷூ கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருவதாக இருந்தார்கள். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பம்பு ஆபரேட்டர் ஆதிகேசவனை மறுநாள் காலை வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தொட்டி வேலை கூடாது என்பது விதி. வாட்ச்மேனுக்குத் தெரியாமல் பின் கேட்டைத் திறந்து நானே உள்ளே விட்டேன்.

தொட்டி மூடியைத் திறந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மீட்டர் வெச்சிப் பாத்தீங்களா சார்?"

"பாத்தாச்சு."

"அப்ப பேப்பர் குடுங்க. பேப்பர் இல்லாம எறங்க மாட்டேன்."

பதினொரு வருடத்தில் என்னிடம் அப்படிப் பேசிய தொழிலாளி அவர் ஒருவர்தான். அங்கேயே பர்மிட்டை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஒரு கையில் செல்போனும் இன்னொரு கையில் பேப்பருமாக நின்று அவ்வளவு நேரம் படித்தார். பிறகு இரண்டையும் கழற்றிய சட்டைமேல் வைத்துவிட்டு, என்னோடு பேசிக்கொண்டே ஏணியில் இறங்கினார். ஏழெட்டுப் படி இறங்கியதும் பேச்சு நின்றது.

நான் பதறவில்லை. யோசித்தேன். வேலைக்கு அனுப்பிய ஆள் விழுந்தால் என்மேல் வழக்கு. என் வேலை போகும், மகளுடைய நர்சிங் படிப்பு போகும். திருட வந்த ஆள் விழுந்தால் யார்மேலும் வழக்கு இல்லை. அந்தப் பர்மிட்டைக் கொளுத்தினேன். மின் பேனல் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த காப்பர் கேபிளில் கொஞ்சம் வெட்டி அவருடைய சாப்பாட்டுப் பையில் வைத்தேன். டிபன் பாக்ஸை எடுத்துவிட்டுத்தான் வைக்க முடிந்தது. அப்புறம் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

அன்று மதியம் இதே ஸ்டேஷனில் புகார் எழுதினேன். அவர் மனைவி செண்பகம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஷூ கம்பெனியில் தைக்கிற பெண். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புருஷன் செத்த அன்று ஒருத்தி அப்படி உட்கார்ந்திருந்தது எனக்கு அருவருப்பாக இருந்தது. பின்சுவர் ஏறிக் குதித்தார், கேபிளை வெட்டினார், பம்பையும் கழற்றத் தொட்டியில் இறங்கி மயங்கி விழுந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரும்பி அவரிடம், "பரவால்லம்மா, செத்தவர் மேல நாங்க கேஸ் நடத்த மாட்டோம்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"கையெழுத்து போட்டுட்டியா?" என்று கேட்டார். சார் என்றுகூடச் சொல்லவில்லை. "நீ போடட்டும்னுதான் காத்துனு இருந்தேன்."

எழுந்து வந்து உங்கள் மேஜைமேல் தன் செல்போனை வைத்தார். காலை எட்டு பத்துக்கு ஆதிகேசவன் அனுப்பிய படம். என் பர்மிட், என் கையெழுத்து. கூடவே அவர் டைப் செய்து அனுப்பியது: "இத்த பத்திரமா வெச்சிக்கோ. ஞாயித்துக்கெழம டபுள் சம்பளம் கெடையாதுன்னு சொன்னான்னா காட்டணும். மதியானத்துக்குள்ள வந்துர்றேன்."

ஆக, போலி ஆவணம், தடயத்தை அழித்தது, பொய்ப் புகார் மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எழுத்தில் இருப்பதை மறுக்கிற ஆள் இல்லை நான்.

நாலாவதாக நீங்கள் சேர்த்திருப்பதுதான் சரியில்லை. அவர் இடுப்பில் கயிறு கட்டியது நான்தான். மறுமுனையை மேலே கம்பியில் கட்டியதும் நான்தான். மயங்கியவர் அதில் தொங்கிக்கொண்டிருந்தார். முகம் கழிவுநீருக்கு மேலேதான் இருந்தது, மூச்சும் இருந்தது. ஆனால் கம்பெனிக் கயிற்றில் தொங்குகிறவனைத் திருடன் என்றால் யார் நம்புவார்கள்? முடிச்சை அவிழ்க்கத்தான் முதலில் பார்த்தேன். அவர் பாரத்தில் அது இறுகிவிட்டிருந்தது. கேபிள் வெட்டிய கட்டர் கையில் இருந்தது. இடுப்பில் மிஞ்சிய துண்டு அவரோடு சேற்றுக்குள் போய்விடும் என்று நினைத்தேன். தீயணைப்புக்காரர்கள் அதையும் சேர்த்து எடுத்துவந்துவிட்டார்கள். நுரையீரலில் கழிவுநீர் இருந்ததாக டாக்டர் எழுதியிருப்பது கயிறு அறுந்த பிறகு நடந்தது. அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

கொலை என்று எழுதாதீர்கள். நான் அவரைத் தொடவே இல்லை.