கிரைண்டர் கல்லுக்கு வரி

வைக்காதீங்க சார், வைச்சிராதீங்க. நேத்து இப்படித்தான் பேசிக்கிட்டு இருக்கும்போதே லைன் கட்டாயிப் போச்சு. இன்னிக்கி போனைச் சார்ஜுல மாட்டிக்கிட்டே பேசுறேன், ஒண்ணும் ஆவாது. ஆமா, ரூபினி வீடுதான். இல்ல, ரூபினி இல்ல, ரூபினியோட அம்மா. நவமணி. நேத்தும் நான்தான் பேசினேன். மக பினாங்குல ஃபேக்டரில இருக்கா சார், அவ போன்லதான் சாமான் வாங்குற அந்த ஆப்பு இருக்கு. அதுல அவ பேருல நான் ஒரு கிரைண்டர் ஆர்டர் போட வச்சேன். பேரு அவளோடது, அட்ரஸு பாடாங் மேஹா, நம்பரு என்னோடது. தோசை மாவு ஆட்டி விக்கிறவ நானு. அவளுக்கு மாவு எங்கேருந்து வருதுன்னுகூடத் தெரியாது.

பசியாறிட்டீங்களா சார்? இல்ல, சும்மா கேட்டேன். மணி பதினொண்ணாவுது, ஆபீசுல ஏதாச்சும் குடுப்பாங்கல்ல? மெகி நூடுல்ஸா? வெறும் மெகியா? சரி சரி, கேக்கல. நீங்க உங்க வேலையப் பாருங்க. எங்க விட்டீங்களோ அங்கேருந்து மிரட்டுங்க.

ஆங், அதான். கோயம்புத்தூர்லேருந்து வந்த கிரைண்டரு, கஸ்டம்ஸுல பிடிச்சு வச்சிருக்கீங்க, எண்ணூறு வெள்ளி கட்டணும், சாயங்காலத்துக்குள்ள கட்டலேன்னா போலீஸு. சரியா சொல்றேனா? கிரைண்டரே நானூறு வெள்ளிதான் சார். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கா பணம்னு சொல்லுவாங்க, அது உங்க ஆபீசுலேருந்துதான் கிளம்புச்சு போல.

ஆர்டர் போடும்போதே பத்து பர்சன்ட் வரின்னு ஆப்புலேயே எடுத்துட்டாங்களே சார்? ஓ, அது சேல்ஸ் டேக்ஸா. நீங்க சொல்றது இம்போர்ட் டேக்ஸ். அண்ணனுக்குத் தனி, தம்பிக்குத் தனி. சரி. அதுக்கு மேல ஸ்டோரு வாடகை. அதுக்கு மேல ஸ்கேனிங். என்னாது, எக்ஸ்ரே எடுத்த காசா? எனக்கே நெஞ்சுல எக்ஸ்ரே எடுத்தாங்க கூலிம் ஆஸ்பத்திரில, இவ்ளோ வாங்கல. கிரைண்டரு என்ன இருமுச்சா?

கல்லா? கல்லுக்கு என்னா சார்? கிரைண்டருன்னா கல்லு இருக்கத்தான் செய்யும். தனி வரியா? கருங்கல் இறக்குமதியா? சார், அது வீடு கட்டுற கல்லு இல்ல, உளுந்து ஆட்டுற கல்லு. ரெண்டு உருண்டைதான் இருக்கும். அதுக்கு மைன்ஸ் பெர்மிட்டு கேக்குறீங்களே, நான் என்ன மலையவா பேத்துக் கொண்டாறேன்? சரி, ஒரு யோசனை சொல்றேன் கேளுங்க. கல்லை நீங்களே வச்சிக்குங்க. டிரம்மும் மோட்டாரும் அனுப்புங்க. கல்லுக்கு உண்டான வரியக் கழிச்சிருங்க. நீங்க அங்க மெகி சாப்புடுறதுக்கு மாவாச்சும் ஆட்டிக்கலாம்.

சிரிக்காதீங்க சார், பக்கத்துல இருக்கறவங்க பாக்கப் போறாங்க.

மோட்டாரு என்னா மோட்டாரு? ஏரோபிளேன் பார்ட்ஸ் லிஸ்ட்டுல வருதா? இந்த மோட்டாரப் போட்டு ஏரோபிளேன் பறந்துச்சுன்னா நானே முன்சீட்டுல ஏறி உக்காந்துக்கிறேன் லா. சரி, நீங்க படிக்கிறதப் படிங்க, நான் குறுக்கப் பேசல. எழுதிக் குடுத்தத வரிசையாப் படிக்கணும்ல, பாவம்.

என்னது, கல்லுக்குள்ள சந்தேகமான பொருள் தெரியுதா? கல்லுக்குள்ள கல்லு சார். அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் கல்லு.

சரி சார், நான் கட்டிர்றேன். கட்ட மாட்டேன்னு சொல்லவே இல்லியே. எண்ணூறுன்னாலும் கட்டிர்றேன், தொள்ளாயிரம்னாலும் கட்டிர்றேன். ஒரே ஒரு விஷயந்தான் கேக்குறேன், நேத்துலேருந்து அதையேதான் கேக்குறேன். உங்க ஆபீசு எங்க இருக்கு? நேர்ல வந்து கட்டுறேன். எங்க ஆளுங்களுக்கு வரின்னா கையில காசு குடுக்கணும், முன்னாலேயே முத்திரை குத்தி வாங்கணும், அப்பதான் தூக்கம் வரும். பேங்குல போட்டா அது எந்தக் கிணத்துல விழுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?

அக்கவுண்டு நம்பரு இருக்கு சார், நேத்து அனுப்புனீங்க. ஆனா அது யாரோ ஒரு பொம்பள பேருல இருக்கே? கஸ்டம்ஸுக்குன்னு சொந்தமா ஒரு பேரு இல்லியா? ஓ, அது ஏஜென்ட்டா. கவர்மெண்டு ஆபீசுக்கு ஏஜென்ட்டு. நல்லாருக்கு.

ஏர்போட்டுல இருக்கேன்னு நேத்து சொன்னீங்க. இன்னிக்கி கிள்ளான் துறைமுகம்னு சொல்றீங்க. ராத்திரியோட ராத்திரியா ஆபீசு நடந்து போயிருச்சா? கோவிச்சுக்காதீங்க, தெரியாமத்தான் கேக்குறேன். எனக்கு வழி சரியாச் சொன்னாத்தான் வர முடியும்.

சரி, பெரிய ஆபீசர் யாராச்சும் இருந்தா குடுங்க, அவர்கிட்ட வழி கேட்டுக்கிறேன். தமிழ் தெரியாதா? பரவால்ல, மலாய்ல பேசுறேன், எஸ்டேட்டுல பொறந்தவ, மலாய் பேசத் தெரியாதா எனக்கு? அவருக்கு மலாயும் தெரியாதா! மலாய் தெரியாத கஸ்டம்ஸ் பெரியவரு. சரி, இருக்கட்டும், யாரு என்னா பண்றது. அப்ப அங்க தமிழ் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தருதானா? வேற யாருமே இல்லியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார், இது முக்கியம். ஒருத்தரும் இல்ல. நல்லது. ரொம்ப நல்லது.

என்னா திடீர்னு கத்துறீங்க? ஓ. பெரியவரு கிட்டத்துல வந்துட்டாரா? சரி சரி, கத்துங்க, நல்லாக் கத்துங்க. நான் பயந்துக்கிறேன். ஐயோ சார்! பிடிக்காதீங்க சார்! எனக்கு சுகர் இருக்கு சார்! நகைய வச்சாவது கட்டிர்றேன் சார், ஐயோ என் குடும்பமே போச்சே சார்! போதுமா? இன்னும் நிக்கிறாரா? ஐயோ துவான், ஆபீசர் சார், மிந்தா தொலோங் சார்! காப்பாத்துங்கன்னு மலாய்ல, ஒரு மாத்தத்துக்கு. போயிட்டாரா? ம்.

அடிச்சாரா? இல்லேன்னு சொல்லுங்க சார், நம்பிக்கிறேன்.

இங்க சத்தமா? அது ஒண்ணுமில்ல, பூனை. வாசல்ல ஒரு பூனை கெடந்து கத்துது. நீங்க வைச்சிராதீங்க. நாம பேசிக்கிட்டே இருந்தாத்தான அவருக்கு சந்தோஷம்? ஒரு பொம்பள மாட்டிக்கிட்டா, கிரைண்டர் கணக்கா சுத்துறா, இப்ப விட்டா காசு போச்சுன்னுதான நினைப்பாரு? நினைக்கட்டும். நான் சாயங்காலம் வரைக்கும் சுத்துவேன்.

இப்ப வழிக்கு வருவோம். நேர்ல நான் வர முடியாதுன்னு சொல்றீங்க, சரி. என் மச்சான் ஒருத்தரு லோரி ஓட்டுறாரு, எல்லா ஊருக்கும் போவாரு. அவரை அனுப்பி வைக்கிறேன், காசை அவரு கையில குடுத்து விடுறேன். ஆனா அவருக்குப் படிக்கத் தெரியாது சார். போர்டு படிக்க மாட்டாரு, ஜிபிஎஸ்ஸும் நம்ப மாட்டாரு. கலரு, கட்டடம், ஆறு, குளம், இப்படித்தான் சொல்லணும். அதனால தெருப் பேரு எனக்கு வேணாம். உங்க ஜன்னல்லேருந்து என்னா தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க.

ஜன்னலே இல்லியா? சரி, ஒண்ணுக்குப் போற எடத்துல? அங்கயாச்சும் ஒரு ஓட்டை இருக்கும்ல?

இருக்கு. நல்லது. ஆறு தெரியுது. பெரிய ஆறா? நம்ம மூடா ஆறு மாதிரியா, அதைவிடப் பெருசா? அதைவிடப் பெருசு. தண்ணி என்னா கலரு? மண்ணு கலரு. பொறுங்க, எங்க வீட்டுக்காரரு பக்கத்துல எழுதிக்கிறாரு, அவருக்கு மெதுவாத்தான் எழுத வரும். ஆறு. பெருசு. மண்ணு கலரு. ஆங், மேல சொல்லுங்க.

பாலம் இருக்கா? தெரியல, சரி. ஆத்துக்கு அந்தக் கரைல என்னா தெரியுது? கோயிலு. நம்ம கோயிலு மாதிரி இல்ல, கூம்பா, தங்கக் கலரு. சரி. அந்தக் கோயிலுக்கு எந்தப் பக்கம் சூரியன் எறங்குது சார்? சும்மா சொல்லுங்க, லோரிக்காரருக்கு அதுதான் கணக்கு. பின்னால எறங்குது. ரொம்பச் சரி.

உங்க கட்டடம் என்னா கலரு? எத்தன மாடி? கூரையில என்னா? மஞ்சத் தண்ணித் தொட்டி. ரெண்டா? பக்கத்துக் கட்டடத்துல லைட்டுப் போட்ட பெரிய மீனு படம். பொம்ம மீனா? சேப்புக் கலரு மீனு. சார், நீங்க கஸ்டம்ஸுல இருக்கவேண்டிய ஆளே இல்ல. இவ்ளோ நல்லா வழி சொல்றீங்க, டாக்சி ஓட்டிருக்கலாம்.

கேட்டுல ஆளு நிக்கிறாங்களா? எத்தன பேரு? துப்பாக்கி வச்சிருக்காங்களா? இல்ல, கஸ்டம்ஸுன்னா செக்யூரிட்டி இருக்கும்ல, அதுக்குத்தான். மச்சானுக்குப் பயந்த சுபாவம்.

உங்கள மாதிரி மலேசியா ஆபீசருங்க இன்னும் இருக்காங்களா அங்க? பத்துக்கு மேலயா? ம். எழுதுங்க, எழுதிட்டீங்களா? உங்ககிட்ட இல்ல சார், இவர்கிட்டச் சொல்றேன். மீனுக்கு அடியில கோடு போடுங்க.

சரி. அவ்ளோதான் வழி. வழி தெரிஞ்சிருச்சு.

புவனேசா.

பேசாத. ஆமான்னும் சொல்லாத, இல்லேன்னும் சொல்லாத. பெரியவன் திரும்பிப் பாத்தா, கல்லு, மோட்டாருன்னு எதையாவது சத்தமாப் படி. நான் சொல்றத மட்டும் கேளு. நேத்து நீ வரிக் கணக்கெல்லாம் படிச்சு முடிச்சிட்டு, வரி கட்டுனா சாமான பழைய பால் கொட்டாய்ல எறக்கிருவோம், பாலத்துல லோரி ஏறாதுன்னு சொன்ன பாரு. வாய் தவறிச் சொன்னியோ, வேணும்னே சொன்னியோ, எனக்குத் தெரியல. கோலாலம்பூருல உக்காந்திருக்கிற எந்த கஸ்டம்ஸுக்காரனுக்குடா தெரியும், பாடாங் மேஹாவுல நம்ம மரப்பாலத்துல லோரி ஏறாதுன்னு? இந்த எஸ்டேட்டுல யாரு வீட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும் பால் கொட்டாய்லதான கெடக்கும்? ரப்பர் பாலு எடை போட்ட கொட்டாய் அது, இப்ப ரப்பர அழிச்சி எண்ணெய்ச் செம்பனை போட்டு, கொட்டாய்க்குக் கூரையே இல்ல. நம்ம ஆளுங்களத் தவிர வேற ஒருத்தனும் அத பால் கொட்டாய்ன்னு சொல்ல மாட்டான். இங்கேருந்து போயிக் காணாமப் போன பையன் நீ ஒருத்தன்தான், லைன் கட்டானதும் நான் கதவைக்கூடச் சாத்தாம ஓடினேன் உங்க வீட்டுக்கு.

உங்கம்மாவுக்கு மொதல்ல புரியல. என் மகன் தாய்லாந்துல ஓட்டல் வேலையிலதான இருக்கான், பார்டர் தாண்டும்போது போட்டோ அனுப்புனானேன்னு சொல்லுது. போன தீபாவளிக்கு அனுப்புன போட்டோ அது. அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்ல. வேலைன்னு கூட்டிட்டுப் போயி அடைச்சு வச்சு, இப்படி ஊரை ஏமாத்த போன்ல பேச வைக்கிறாங்கக்கான்னு நான் சொன்னப்புறந்தான் அதுக்குப் புரிஞ்சுது. போலீஸுல ரிப்போட்டு குடுத்து எத்தன நடை நடந்தோம். எந்த நாடு, எந்த ஊருன்னு தெரியாம எங்க போயித் தேடுறதுன்னு அவங்க கேக்குறாங்க, நியாயந்தான. இப்பச் சொல்லிருவோம். ஆறு, கோயிலு, ரெண்டு தொட்டி, சேப்பு மீனு. இவரு பைக்க எடுத்துட்டாரு. நீ அதுவரைக்கும் ஓடுறேன், குதிக்கிறேன்னு ஒண்ணும் செஞ்சிராத. சாப்பாடு குடுத்தா சாப்புடு.

படி, படி, ஏன் நிறுத்திட்ட? எக்ஸ்ரேக்கு எவ்ளோன்னு சொன்ன, இன்னொருக்காச் சொல்லு. ம். அழுவாத. கஸ்டம்ஸுக்காரன் அழ மாட்டான், அவன்கிட்ட பேசுறவங்கதான் அழுவாங்க.

நாளைக்கும் கூப்புடு. நாளான்னைக்கும் கூப்புடு. இந்தப் பொம்பளகிட்ட இன்னும் நகை இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா இளகுறான்னு அவன்கிட்ட சொல்லி வை. அப்பதான் இந்த நம்பர உனக்கே விடுவான்.

பூனைன்னு சொன்னேன்ல, பக்கத்துல வந்து உக்காந்துருக்கு. காலையிலேருந்து முந்தானைய வாயில திணிச்சிக்கிட்டு இருக்கு. குடுக்குறேன். அம்மான்னு மட்டும் வாயத் தொறந்திராத. மேடம்னு கூப்புடு. வரி கேளு. கறாராக் கேளு, ஒரு வெள்ளிகூடக் கொறைக்காத. நீ கொறைக்காத வரைக்கும் அது பேசிக்கிட்டே இருக்கலாம்.

இந்தாங்க அழகம்மாக்கா, கண்ணத் தொடச்சிக்கிட்டு வாங்கிக்குங்க. கஸ்டம்ஸ் ஆபீசரு லைன்ல இருக்காரு.